மார்ட்டிஸ் பூட்டுக்கு நான் அடித்த சீட்டு

அரைகுறை ஆங்கிலம் ஆபத்து என்பார்கள். என்னுடைய அரைகுறை ஆங்கிலம் உயிரோடிருந்த ஒரு மனிதரைப் பிணவறைக்கே அனுப்பி வைத்தது.

எண்பதுகளின் தொடக்கம். நெய்வேலி டவுன்ஷிப்பில், குவார்ட்டர்ஸ் பழுதுபார்க்கும் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். சேர்ந்து மூன்று மாதம். இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. ஓவர்சியர் சின்னச்சாமி சார் புகார் நோட்டில் கோழி கிளறியதுபோல் எழுதி வைப்பார். அதைப் படித்து, தச்சருக்கோ பிளம்பருக்கோ நான் சீட்டு அடித்துத் தர வேண்டும்.

அன்று காலை நோட்டில் ஆங்கிலத்தில் இருந்தது இவ்வளவுதான்: ‘மார்ட். லாக் ஜாம். ஹெச். 14.’

மார்ட் என்றால் பிரெஞ்சில் சாவு என்று கல்லூரியில் கேட்டிருந்தேன். (தெரிந்ததைச் சும்மா வைத்துக்கொள்ள முடிகிறதா?) மார்ட் என்றால் மார்ச்சுவரி, ஹெச் என்றால் ஹாஸ்பிடல். ‘ஆஸ்பத்திரி மார்ச்சுவரி, 14ஆம் அறை, பூட்டுப் பழுது’ என்று அடித்தேன். ஒரு டவுன்ஷிப்புக்குப் பிணவறையில் பதினாலு அறை எதற்கு என்று தோன்றவே இல்லை.

தச்சர் கலியபெருமாள் அண்ணன் பக்கத்து ஊரான வடக்குத்துக்காரர். சீட்டை என்னையே படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“நெஜமாவே அங்கதானா, டைப்பும்மா?”

“சீட்டுல இருக்குல்ல?” என்றேன், கலெக்டர் தோரணையில்.

இரண்டு மணி ஷிப்டுக்குச் சங்கு ஊதி அடங்கியது. ஓர் அம்மா பெட்டியும் கையுமாக வந்து நின்றார். “பதினாலாம் நம்பர் வூடுங்க. கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்து, காலைலேருந்து வாசல்லயே குந்திக்கினு இருக்கோம். பூட்டு தெறக்கல. தச்சர் வரவேயில்லீங்க.”

சின்னச்சாமி சார் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். என் சீட்டின் நகலைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. “என்னம்மிணி இது? மார்ட்டிஸ் லாக்! கதவுச் சட்டத்துல குழி வெட்டி, உள்ளாற பதிக்கற பூட்டு. ஹெச்சுன்னா ஹவுஸ். பக்கத்தோட தலையில பிளாக் நம்பர் எழுதியிருக்கனே, அதையும் பாக்கலீங்களா?”

காலையில் போன கலியபெருமாள் அண்ணன் இன்னும் திரும்பவில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் சைக்கிளை எடுத்தேன்.

பிணவறை ஆஸ்பத்திரிக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவே தனியாக இருந்தது. கொளுத்தும் வெயில், ஆனால் அங்கே தரைக்கு வரவில்லை. ஓர் இலை அசையவில்லை. ஒரு காக்கை இல்லை. தூரத்து மின் நிலைய இரைச்சல், யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல் கேட்டது. சாத்திய கதவின் முன்னால் தச்சரின் சாமான் பை கிடந்தது. ஆளைக் காணோம்.

“அண்ணே...” என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

டொக்.

உள்ளேயிருந்துதான். டொக். டொக்.

“உள்ள யாரு?”

“மூணு பேரு இருக்கோம்” என்றது கம்மிய குரல். “பேசறது நான் மட்டுந்தான்.”

சைக்கிள் என் கையிலிருந்து நழுவி விழுந்தது.

“டைப்பும்மாவா? பூட்டு நல்லாத்தாம்மா இருந்துச்சு. பழுது எங்கன்னு தேடிக் கழட்டினேன். கதவு தானா சாத்திக்கிச்சு, நாக்கு மாட்டிக்கிச்சு. பையில உளி இருக்கு. பூட்டுக்கும் நெலைக்கும் நடுவுல வுட்டு நெம்புங்க. ஆனா பேசிக்கினே இருங்கம்மா. நீங்க நிறுத்தினா இங்க சொட்டு சொட்டா ஒரு சத்தம் கேக்குது. ஐஸ் உருகுதுன்னு நெனச்சிக்கினு இருக்கேன்.”

என்ன பேசுவது? வாயில் வந்தது டைப்ரைட்டிங் பாடம்தான். “ஏ எஸ் டி எஃப், ஏ எஸ் டி எஃப்” என்று ஜபித்துக்கொண்டே நெம்பினேன். பத்தாவது நெம்பலில் கதவு ஒரு சாண் திறந்தது. இருட்டுக்குள்ளிருந்து ஜில்லென்ற ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

கண் விழித்தபோது ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். ஈ மொய்க்காமலிருக்க அண்ணன் தலையோடு போர்த்திய வெள்ளைத் துணி. அதற்கு மேலே, அப்போதுதான் சாப்பிட்டுத் திரும்பிய பிணவறை வாட்ச்மேனின் குரல்: “இது எப்ப வந்துச்சு? சீட்டு எங்க?”

“அய்யய்யோ, சீட்டு அடிக்கறதே அந்தம்மாதாங்க!” என்று அலறினார் கலியபெருமாள் அண்ணன்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். வாட்ச்மேன் வடலூர் வரை ஓடியதாகப் பிறகு சொன்னார்கள். (மிகைதான், மெயின் ரோடு வரை என்று எனக்குத் தெரியும்.) திரும்பி வந்தவரிடம் அண்ணன் அந்தச் சொட்டுச் சத்தத்தைப் பற்றிக் கேட்டார். “இங்க ஏதுய்யா ஐஸு?” என்றார் அவர். அண்ணன் இரண்டு நாள் லீவு போட்டார். பதினாலாம் நம்பர் வீட்டை வேறு தச்சர் திறந்தார்.

மறுநாள் சின்னச்சாமி சார் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. தண்டனையாக, அகராதியை எடுத்து எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிக்கச் சொன்னார். மார்ட்டிஸ் என்பது மரத்தில் வெட்டும் குழி. இன்னொரு மரத்தின் முனை அதில் வந்து பொருந்தும். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அதற்கும் முன்னால், ‘அசையாமல் பொருத்தியது’ என்ற பொருளுள்ள அரபிச் சொல்லாக இருக்கலாமாம். சாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

லீவு முடிந்து வந்து அதைக் கேள்விப்பட்ட அண்ணன், “நாங்க தொளைன்னுதான் சொல்லுவோம். முன்னாடியே கேட்டிருக்கலாமில்ல?” என்றார்.

அதற்குப் பிறகு நான் எந்தச் சீட்டை நீட்டினாலும், வாங்குமுன் ஒரு கேள்வி கேட்பார்: “டைப்பும்மா, உசுரோட இருக்கறவங்க வூடுதானே?” ஆபீஸ் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. அதே ஆபீஸில் வேலை பார்த்த ஒருவரைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். முகூர்த்தம் முடிந்து, பதிவுப் புத்தகத்தில் நான் கையெழுத்துப் போடும்போது அவர் மெல்லக் குனிந்து கேட்டார்: “மாப்பிள்ளை உசுரோட இருக்காரான்னு பாத்துட்டியா?”

இப்போது மளிகைச் சீட்டை வாங்கும்போதெல்லாம் என் பேத்தி கேட்கிறாள்: “உசுரோட இருக்கறவங்க வூட்டுக்குத்தானே, பாட்டி?”