இருபத்தோரு நாள் கட்டங்காப்பி

ஜான்ரோஸ் சாருக்கு ஞானம் பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நாற்பத்தெட்டு வயசு வரை அது எங்கே போய்க் கிடந்ததோ, யார் கண்டது! வடசேரியில் அவருடைய ஆபீசில், நேற்று வேலைக்கு வந்த அனிஷ் அவருக்கே மேலதிகாரி ஆகிவிட்டான். மறுவாரமே எல்லோரையும் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து 'வெற்றிக்கான பழக்கங்கள்' என்று வகுப்பு நடத்தினார்கள். கோட்டு போட்ட ஒருவர் வந்து பேசினார். விடியற்காலம் ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். இருபத்தோரு நாள் விடாமல் செய்தால் எந்தப் பழக்கமும் எலும்பில் ஊறிவிடும். பாதியில் நழுவாமல் இருக்கப் பத்துப் பேர் முன்னால் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். ஏழு மணி வரை உறங்குவது ஜான்ரோஸுக்கு உயிர். பால் சேர்க்காத கட்டங்காப்பி கட்டிலுக்கு வராமல் அவர் கால் தரையில் படாது. ஆகவே அவர் ஐந்துக்கு எழும்ப வேண்டுமென்றால், அவர் மனைவி ஷைஜா நாலரைக்கு எழும்ப வேண்டும். முன்னேற்றம் இவருக்கு, அலாரம் அவளுக்கு. நல்ல நியாயம்!

"ஏட்டி, நாளையில இருந்து நாலரைக்கு எழும்பி காப்பி போடு."

"எதுக்கு? ஆருக்காவது சொகமில்லையா?"

"நான் முன்னேறப் போறேன்."

"முன்னேறுங்க. ஆரு தடுத்தா? அதுக்கு நான் என்னத்துக்கு எழும்பணும்?"

"பெண்டாட்டி ஒத்தாசை இல்லாம எவனும் ஜெயிச்சதில்ல."

"அனிஷுக்கு இன்னும் கல்யாணமே ஆகலியே!"

ஜான்ரோஸ் விட்டாரா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டில்தான் ஜெபக்கூட்டம். தெருவே வரும். கர்த்தர் தனக்குச் செய்ததை எல்லோர் முன்னும் சாட்சி சொல்லும் நேரத்தில் எழும்பி நின்று சொன்ன சொல்லை அப்புறம் யாராலும் விழுங்க முடியாது. 'நானும் என் மனைவியும்' என்று ஆரம்பித்து, நாலரை மணிக் காப்பியை அவள் தலையில் கட்டிவிட வேண்டியதுதான். வகுப்பில் கொடுத்த குட்டி நோட்டில், கோட்டு சார் சொன்னதையெல்லாம் குறித்ததற்குக் கீழே இதையும் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார். நோட்டைச் சட்டைப் பையில் வைத்தார். சட்டையைத் துவைக்கப் போட்டார். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளாவது தன் சட்டையைத் தானே துவைத்திருந்தால் மனுஷன் தப்பியிருப்பார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பாட்டு முடிந்ததும் உபதேசியார் ஜெபமணி, "சாட்சி சொல்லுகவங்க சொல்லலாம்" என்றார். ஜான்ரோஸ் தொண்டையைச் செருமி, வேட்டியை இறுக்கிக்கொண்டு எழும்புவதற்குள் ஷைஜா எழும்பி நின்றுவிட்டாள். தலையில் முந்தானை. கண்ணில் லேசாக ஈரம் வேறு.

"எங்க வீட்டுக்காரரக் கர்த்தர் தொட்டிருக்காரு. நான் அடுக்களையில பட்ட பாட்ட நெனச்சு மனசு உடைஞ்சு போனாரு. நாளையில இருந்து இருபத்தோரு நாள் நாலரைக்கு எழும்பி, தண்ணி பிடிச்சு, தேங்கா துருவி, கட்டங்காப்பியும் போட்டுட்டு என்னய எழுப்புகதாக் கர்த்தருக்கு நேர்ந்து பொருத்தனை பண்ணியிருக்காரு."

"ஸ்தோத்திரம்!" வீடே அதிர்ந்தது. எதிர்வீட்டு ராஜபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் புருஷன் ஞானையன் ஜான்ரோஸைக் கொன்றுவிடுவதுபோலப் பார்த்தார்.

"உள்ளதுதானா தம்பி?" என்றார் உபதேசியார்.

இல்லை என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை சபையில் தலைகாட்ட முடியாது. "உள்ளதுதான்" என்றார் ஜான்ரோஸ். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

முதல் நாள் தேங்காயோடு விரலையும் துருவினார். ஏமாற்றவும் வழியில்லை. நாலரைக்கு அடுக்களை விளக்கு எரிகிறதா என்று ராஜபாய் சன்னல் வழியே பார்த்து, அதைக் காட்டி ஞானையனையும் உலுக்கி எழுப்பினாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தார். உபதேசியார் நாலு பேரோடு ஜெபிக்க வந்துவிட்டார். காய்ச்சல் பயந்து ஓடிவிட்டது.

இருபத்தோராம் நாள் ஜான்ரோஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு ஏழு மணி வரைக்கும் உறங்குவேன். ஒருத்தரும் என்னை எழுப்பக் கூடாது, சொல்லிட்டேன்!"

"ஆரு எழுப்புகா? கிடந்து உறங்குங்க."

மறுநாள் அலாரம் அடிக்கவில்லை. யாரும் எழுப்பவும் இல்லை. தண்ணீர் பிடித்து, தேங்காய் துருவி, காப்பியை ஷைஜாவின் கட்டிலருகே கொண்டுபோய் வைத்த பிறகுதான், பொருத்தனை நேற்றே முடிந்துவிட்டது அவருக்கு ஓர்மை வந்தது.

ஷைஜா ஒரு மடக்குக் குடித்தாள்.

"கோட்டு சார் பொய் சொல்லல. சீனிதான் கொஞ்சம் கம்மி."