டேப்பெட் சத்தம்தான், பயப்படாதீங்க

எனக்குக் கார் ரிப்பேர் தெரியாது. ஆனால் தெரியாது என்ற விஷயம் அப்போது எனக்குத் தெரியாது.

தேனியில் ஒரு பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியர். அதுபோக செல்போனில் கார் ரிப்பேர் வீடியோக்கள் நிறைய பார்த்திருந்தேன். (இரண்டும் ஒரே ஆளிடம் சேரக் கூடாது.)

என் மாமனார் போடியில் ஏலக்காய் வியாபாரி. அவருடைய இருபது வருடத்துக் கார் ஒருநாள் காலையில் 'டிக் டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. வீடியோவில் பார்த்தபடி நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்து, கண்ணை மூடிக் கேட்டேன். நாடி பார்க்கும் வைத்தியர் தோற்றுப்போவார்.

"டேப்பெட் சத்தம்தான் மாமா, பயப்படாதீங்க. இஞ்சின்ல ஒரு சின்னப் பாகம் லூசாயிருக்கு. ஆயில் மாத்துனாப் போதும்."

மைத்துனன் கண்ணன்தான் தயங்கினான். "மச்சான், எதுக்கும் ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிருவமா?"

"ஏலே, மாப்பிள்ளை படிச்சவுக. அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மாமனார் அவனை அடக்கினார். நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஆயிலை மாற்றினேன். இஞ்சின் சூடானதும் சத்தம் குறைந்தது. வெற்றி என்று அறிவித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே காரில் மேகமலைக்குக் கிளம்பினோம், கண்ணனுக்குப் பெண் பார்க்க. பெண் எஸ்டேட் பள்ளியில் டீச்சர். அவள் அப்பா அங்கேயே சூப்பர்வைசர். ஒரு கல்யாண வீட்டில் சந்தித்து, இருவருக்கும் ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. பெரியவர்கள் பேசி முடிப்பதுதான் பாக்கி. மாமனார், மாமியார், கண்ணன், ஓட்டுநராக நான். என் மனைவிக்குக் காய்ச்சல். (தப்பித்தாள்.)

மலை ஏறியதும் சாரல் பிடித்தது. மாமியாரின் பட்டுப்புடவை நனையக் கூடாதென்று கண்ணாடிகளை ஏற்றச் சொன்னேன். பத்து வளைவு தாண்டியிருப்போம்.

"தலை விண்ணு விண்ணுனு வலிக்குது மாப்பிள்ளை. ஏதோ புகை வாடை வேற" என்றார் மாமியார்.

"மலை ஏறுனா அப்படித்தான் அத்தை. காத்தழுத்தம்."

கண்ணன் கண்ணாடியை இறக்கப் போனான். தடுத்தது நான்தான்.

பெண் வீட்டு வாசலில் இறங்கியபோது எங்கள் நால்வருக்கும் பூமி ஆடியது. மாமியார் அவர்களுடைய செவ்வந்திச் செடிகள் மேல் வாந்தி எடுத்தார். வாழ்நாளில் பீரைக்கூடத் தொடாத என் மாமனார் தள்ளாடி நடந்து, வாசலில் இருந்த தண்ணீர் டிரம்முக்குக் கும்பிடு போட்டார். "சும்மா டேப்பெட்தான்" என்று நான் நாக்குக் குழற எல்லோருக்கும் ஆறுதல் சொன்னேனாம்.

பெண்ணின் அப்பா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"கீழ சின்னமனூர்லயே ஏத்திக்கிட்டு வந்தீகளாக்கும்?"

கண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். தலையைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கதவோரம் நின்ற அந்தப் பெண் அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். காப்பி வரவில்லை.

மாமியார் இனிக் கண்ணாடியை ஏற்றவே கூடாது என்று சொல்லிவிட்டதால் உயிரோடு கீழே வந்தோம். சின்னமனூரில் ஒரு மெக்கானிக் பானெட்டைத் திறந்த உடனே சொன்னார்:

"டேப்பெட்டா? யார் சார் சொன்னது? இஞ்சின்லருந்து சைலன்சருக்குப் புகை போற இடத்துல, கசியாம அடைக்கிற கேஸ்கட் தகடு எரிஞ்சுபோச்சு. சூடானா இரும்பு விரிஞ்சு சத்தம் கொறையும், புகை நிக்காது. பூராம் உள்ளதான் வந்திருக்கு. நீங்க பொழச்சதே பெரிசு."

சூடானால் இரும்பு விரியும். ஒன்பதாம் வகுப்பில் வருடா வருடம் நான் நடத்தும் பாடம்.

மறுவாரம் எரிந்த கேஸ்கட்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, சாட்சியாகக் காட்டத் தனியாகப் பஸ் ஏறி மேகமலைக்குப் போனேன். பெண்ணின் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை.

"நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும் சார். புள்ளைக்கு அவ மாமன் வழியில பேசி முடிச்சாச்சு. பாக்கு வெத்தலையும் மாத்தியாச்சு."

வீடு திரும்பிக் கண்ணனிடம் சொன்னேன். "சரி மச்சான்" என்றான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி இப்போது பெண் குழந்தை இருக்கிறது. வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும், "மாப்பிள்ளைகிட்டக் கேளுங்க, டேப்பெட்டா இருக்கும்" என்பார் மாமனார். கூடம் முழுக்கச் சிரிக்கும், நானும் சிரிப்பேன். அந்த நேரத்தில் மட்டும் கண்ணன், குழந்தை அழாவிட்டாலும், அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவான்.