ஜப்பானுக்குக் கப்பல் வராத வாரம்

வழவழப்பான தாளில் அச்சு மை முழுதாகக் காயாத ஒரு வாசனை உண்டு. மண்ணெண்ணெயையும் புதுச் செருப்பையும் சேர்த்து முகர்ந்த மாதிரி இருக்கும். எங்காவது ஒரு சுற்றுலாப் புத்தகத்தைப் பிரித்து அந்த வாசனை முகத்தில் அடித்தால் எனக்கு இன்றும் இரண்டு காரியம் நடக்கும். உடனே எங்கேயாவது தூரதேசம் கிளம்பிவிட வேண்டும் என்று கால் அரிக்கும். அடுத்த நொடியே காது மடல் சூடாகிவிடும். நான் போகாத ஊர்களைப் பற்றி மிக அழகாகப் பேசக்கூடியவள். அந்தத் திறமை ஒரே ஒரு முறை என் காலை வாரியது. அதுவும் நாலு பேர் முன்னால்.

சுனாமி அலை வந்துபோய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. போர்ட் பிளேரில், அபர்டீன் பஜாரின் ஒரு மாடியில் இருந்த டிராவல்ஸ் ஆபீஸில் எனக்கு வேலை. முதலாளி வங்காளி, ஊருக்கே தாதா, எனக்கும் தாதா (வங்காளத்தில் அண்ணன் என்று அர்த்தம்). தங்கியிருந்தது லம்பா லைனில், அக்கா வீட்டில். பக்கத்திலேயே ஏர்போர்ட். துணி காயப்போடும்போது விமானங்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு தலைக்கு மேலே இறங்கும். அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கியவள் நான். அன்றுவரை உள்ளே ஏறியதில்லை. தெற்கே நிக்கோபாரில், கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன், கப்பலேறிப் போர்ட் பிளேர் வந்தேன். என் உலகப் பயணம் மொத்தமே அவ்வளவுதான்.

அப்பாவை அலை கொண்டுபோன பிறகு அக்கா என்னைக் கூட்டி வந்துவிட்டாள். அம்மா வரவில்லை. மேட்டில் சர்க்கார் கட்டிக்கொடுத்த வீட்டிலேயே இருந்துகொண்டாள். நானும் திரும்பிப் போகவில்லை. "கப்பல் டிக்கெட் கெடைக்கல" என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன் (டிராவல்ஸில் வேலை பார்ப்பவள் சொல்கிற காரணமா இது?).

ஒரு ஜனவரியில் தாதா கொல்கத்தாவிலிருந்து ஒரு கட்டுப் புத்தகங்களோடு வந்தார். உலகம் முழுக்க வசந்தகாலச் சுற்றுலா! ஜப்பானில் பூ, ஹாலந்தில் பூ, ஸ்பெயினில் திருவிழா, ஆப்பிரிக்காவில் சிங்கம். இலங்கை மலைநாடுகூட இருந்தது (என் அம்மா பிறந்த, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக் காம்பரா, அந்தப் படத்தில் வெள்ளையடித்து 'பாரம்பரிய விடுதி' ஆகியிருந்தது).

"செல்வி, ஒரு குரூப் புடிச்சுக் குடு. கூடப் போக ஒரு ஆள் வேணும். தும் ஜாயேகா" என்றார் தாதா. எங்கள் தீவு இந்தியில் ஆண்பால் பெண்பால் தொந்தரவெல்லாம் கிடையாது. 'நீ போவாய்', அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் நான் சாப்பிடவே இல்லை.

குரூப் கிடைத்தது. கப்பல் வந்து அணையும் ஜெட்டிகளைக் கட்டும் கான்ட்ராக்டர் அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர். மச்சான், சகலை என்று குடும்பம் மொத்தத்தையும் கூட்டிப்போகத் தயாராக இருந்தார். எங்கே என்பதில்தான் தகராறு.

"எனக்குச் சிங்கம் பாக்கணும்மா. கூண்டுல பாத்தது போதும்" என்றார் அண்ணாச்சி.

"நான் தெனம் வீட்லயே பாக்கேன். எனக்குக் கோயில் கொடை நடக்குற ஊரு வேணும்ட்டி. மேளம், கூட்டம், சாமி!" என்றார் அவர் மனைவி, எனக்கு மதினி.

சிங்கமும் கொடையும் பூவும் எல்லாம் படத்தோடு காட்டுகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். கம்ப்யூட்டரைத் தாதாவே தோளில் சுமந்து வந்தார். அக்காவின் பட்டுச் சேலையில் நான். உலகத்தையே கையில் எடுத்துவந்தவள் மாதிரி நின்றேன். முதல் படம், ஜப்பான். மலை முழுக்க வெளிர் சிவப்பு. மதினி "அடியாத்தீ" என்று வாயைத் திறந்தார்.

கரண்ட் போய்விட்டது.

எங்கள் தீவில் அது செய்தியே இல்லை. ஆனால் எனக்கு அந்தப் படங்களைத் தவிர ஒன்றும் தெரியாது. கீழே எழுதியிருந்த இங்கிலீஷைப் படத்தைக் காட்டியபடியே படிப்பதாகத்தான் ஏற்பாடு.

"நிறுத்தாதட்டி. வாயால சொல்லு, கேப்போம்" என்றார் மதினி, இருட்டிலிருந்து.

சொல்லத் தொடங்கினேன். வசந்தம் என்று சொன்னதும் என் மண்டைக்குள் எந்தப் பூவும் வரவில்லை. மழை, மழை இல்லாத நாள், இந்த இரண்டே பருவம் உள்ள போர்ட் பிளேரில் வசந்தத்துக்கு எங்கே போவது? எனக்குத் தெரிந்த ஒரே வசந்தம் வந்தது.

"மொதல்ல எலையெல்லாம் கொட்டிரும் மதினி. மரம் மொத்தமும் குச்சியா நிக்கும். நடந்தா அப்பளம் நொறுங்குற சத்தம். அந்த மாசம் யாருக்கும் வேலை இருக்காது, ஆம்பளைங்க எல்லாம் வீட்டுல இருப்பாங்க. ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் பாத்தா மலையே செம்பு நெறமா மாறியிருக்கும். அத்தனையும் துளிர். அந்தத் துளிருக்கே தேனீ வரும், பூ வர்ற வரைக்கும் காத்திருக்காது. தோட்டமே கும்முனு ஒரே ரீங்காரமா இருக்கும்."

"மிருகம்?" என்றார் அண்ணாச்சி.

"ஒரு பறவை இருக்கு அண்ணாச்சி. மண்ணையும் சருகையும் காலால கூட்டி ஆளுயரத்துக்குக் குமிச்சு, அதுக்குள்ள முட்டையிட்டுட்டுப் போயிரும். அடைகாக்காது. குஞ்சு தானா மண்ணைக் கிளறிக்கிட்டு வந்து பறக்கும்."

"ஜப்பான்லயா?"

"ஜப்பான்லதான்."

தாதா இருமினார். இருமல் எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை. நான் அந்த மலையில் ஏறிக்கொண்டிருந்தேன். இறங்க மனசில்லை.

"காய்கறியெல்லாம் கெடைக்குமாட்டி? இவுகளுக்கு வெங்காயம் இல்லாம எறங்காது" என்றார் மதினி.

"கப்பல் வர்ற வாரம் எல்லாமே கெடைக்கும் மதினி. கடல் சரியில்லாம கப்பல் வரலைன்னாத்தான் கஷ்டம். பருப்பும் தேங்காயும் வச்சு ஓட்டிக்கணும்."

"செல்வி, ஜப்பான் மே ஜஹாஜ்? ஜப்பான்ல கப்பலா?" என்று தாதா ஈனசுரத்தில் கேட்டார்.

நான் எங்கே கேட்டேன்! "துளிர் விட்டதும் மாரியம்மனுக்குத் திருவிழா. கரகம் எடுத்துக்கிட்டு லயம் லயமா வருவாங்க. எங்கப்பாதான் தப்பு அடிப்பாரு. அடிச்சு அடிச்சுத் தோல் எளகிட்டா, நடுவுல நிறுத்தி நெருப்புல காட்டுவாரு. அது வரைக்கும் கரகமும் நின்னு காத்திருக்கும்."

மதினி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. விற்றுவிட்டேன் என்று நினைத்தேன். மொத்தக் குடும்பத்துக்கும் ஜப்பானை விற்றுவிட்டேன்!

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாம்மா, அந்த மாரியம்மன் கோயிலு, ரப்பர் சீட்டு காயவைக்குற புகைக்கூடத்துக்கு எதுத்தாப்புலதான இருக்கு?"

"ஆமா அண்ணாச்சி!" என்றேன், மகிழ்ச்சியாக. (என் வாயை அம்மி போட்டு மூட ஆளில்லை.)

"அந்த ஜப்பான்ல போன மாசம் பூரா ஜெட்டி வேல பாத்துட்டு நேத்துதான் வந்தேன். நீ சொன்ன பறவ என் சிமெண்டு மூட்டைக்குப் பக்கத்துலதான் மண்ணக் கூட்டி வச்சிருக்கு."

அந்த வீட்டில் எழுந்த சிரிப்பு பஜார் வரைக்கும் கேட்டிருக்கும். சகலை சோபாவிலிருந்து சரிந்தார். தாதா கம்ப்யூட்டரின் வயரைச் சுருட்டத் தொடங்கினார், சந்தையில் மாடு விலைபோகாதவன் கயிற்றைச் சுருட்டுகிற மாதிரி. மதினி மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு அந்த ஜப்பான்தான் வேணும்" என்றார்.

"ஏட்டி, அது நிக்கோபார். பழங்குடித் தீவு, சர்க்கார் பாஸ் இல்லாம ஒன்னய எறங்க விட மாட்டான்" என்றார் அண்ணாச்சி.

ஆக, உலகத்தில் இத்தனை ஊர் இருக்க, எங்கள் ஆபீஸ் யாருக்கும் டிக்கெட் விற்க முடியாத ஒரே ஊரை நான் அன்று விற்றிருந்தேன். அண்ணாச்சி குடும்பம் மெயின்லேண்டில் வேறு ஏஜென்ட் பிடித்து ஆப்பிரிக்கா போனது. சிங்கம் தூங்கிக்கொண்டே இருந்ததாம். கூடப்போன ஆள் யாரோ ஒரு சென்னைப் பையன். அவன் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி பின்னாலேயே வந்தார். "அங்க ஒனக்கு யாரு இருக்கா?"

"அம்மா."

"பாத்து ரொம்ப நாளாச்சோ?"

செருப்பு கிடைத்துவிட்டது. ஆனாலும் குனிந்தே இருந்தேன்.

"அடுத்த கப்பல்ல என் ஆளுக போறாங்க. ஒனக்கும் ஒரு எடம் சொல்லி வைக்கேன். மத்த ஊரையெல்லாம் வந்து விக்கலாம்."

லம்பா லைனில் இன்றும் யாராவது கட்சாலுக்கு மூட்டை கட்டினால் அக்கா கேட்பாள்: "என்ன, ஜப்பானா? வெங்காயம் எடுத்துக்கிட்டியா?" பல வருஷம் கழித்து, ஒரு வேலையாக, நிஜ ஜப்பானுக்கே நான் போனேன். பூ உதிர்ந்துகொண்டிருந்தது. அழகுதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் எவ்வளவு நடந்தும் காலுக்குக் கீழே சத்தமே வரவில்லை. கூட வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் தரையை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சியின் ஆட்களோடு அந்த முறை கட்சாலுக்குப் போனபோது எங்கும் சருகு. ரப்பர் பால் வெட்டுவது பாதிக்குமேல் நின்றுபோயிருந்தது. மரங்களுக்கு அது தெரியவில்லை, தம் பாட்டுக்கு இலை கொட்டின. அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. நான் ஜப்பானை விற்ற கதையைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவின் தப்பு வந்த இடத்தில் மட்டும், அடுப்பில் ஏதோ வேலை இருப்பது போல எழுந்து போய்விட்டு வந்தாள்.

கிளம்புகிற காலையில் ஜெட்டி வரைக்கும் வந்தாள். கப்பல் ஊதிவிட்டது. ஏணியில் கால் வைத்தபோது முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏ புள்ள, ஊரு ஊரா ஆளுங்கள அனுப்புறேங்கிறியே. போறவங்க எல்லாம் திரும்பி வந்துர்றாங்களா?"

"வந்துருவாங்கம்மா. போக, வர, ரெண்டுக்கும் சேத்துத்தான் டிக்கெட் போடுவோம்."

"அப்ப இங்கேருந்து போறப்ப ஒனக்கும் அப்புடி ஒண்ணு போட்டுக்க."