நாலு விரல் பெட்ரோல்

அன்று லாரியில் இருந்தவர்கள் இவர்கள். முதலாளி வேலாயுதம், காலையில் இறந்துபோனவர். அவர் மகன் தண்டபாணி, கையில் கொள்ளிச் சட்டி. முதலாளியின் மச்சான் கோவிந்தராசு, என் பக்கத்து சீட்டில். சங்கு ஊத மாணிக்கம். ஸ்டியரிங்கில் நான். ஐந்து பேர். பேசக்கூடியவர்கள் நாலு. (புறப்படும்போது அப்படித்தான் நினைத்தேன்.)

எனக்குப் பயம் கிடையாது என்று உறையூரில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நான்தான். வயது இருபத்தாறு. படிப்பு மூன்றாம் வகுப்பு.

லாரி, யுத்தம் முடிந்து பட்டாளத்தில் ஏலம் விட்டபோது முதலாளி எடுத்தது. அதற்குப் பெயரே மிலிட்டரி. டேங்க் நீளமானது. இருபது கேலன் பெட்ரோல் பிடிக்கும். மீட்டர் முள் எப்போதோ உயிரை விட்டுவிட்டது. குச்சி விட்டுத்தான் பார்ப்போம். ஒரு விரல் ஈரம் என்றால் ஒரு கேலன். முதலாளி எட்டு விரலுக்குக் கீழே இறங்க விடமாட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. (மற்ற எதிலும் கை இறுக்கமான மனிதர். பெட்ரோலில் மட்டும் தாராளம். அது எனக்கு வசதியாக இருந்தது.)

ஒரு மாதம் படுக்கையில் கிடந்தார். டேங்கை யாரும் கவனிக்கவில்லை. கடைசி நாள் காலையில் வாயில் பால் ஊற்றினார்கள். தொண்டையில் களக் களக் என்று சத்தம். வாசல்படியில் நின்ற எனக்குக் கேட்டது. பிறகு சத்தம் இல்லை.

முந்தின ராத்திரி மகனிடம் ஒன்று கேட்டிருந்தார். "என்னைத் தோள்ல தூக்காதீங்கடா. மிலிட்டரியில கொண்டு போங்க. எங்கப்பாவை எரிச்ச இடத்துக்கே." தண்டபாணி கையடித்துக் கொடுத்திருந்தான். இடம், ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரை.

உறவுக்காரர்கள் முன்னாலேயே டவுன் பஸ்ஸில் போய்விட்டார்கள்.

"பெட்ரோல் இருக்காண்ணே?" தண்டபாணி கேட்டான்.

குச்சி விட்டேன். நாலு விரல். போகவேண்டியது ஆறு மைல்.

"தாராளம்" என்றேன்.

காவிரிப் பாலம் தாண்டினோம். மொட்டைக் கோபுரம் தாண்டினோம். ஆடி மாதம், காற்று நிற்காத மாதம். ஆற்றங்கரைப் பாதையில் திரும்பியதும் காற்று நின்றுவிட்டது. தென்னை ஓலை ஒன்றும் அசையவில்லை. மாணிக்கம் ஊதிய சங்கு ஆற்று மணலில் போய்த் திரும்பி வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது.

கரை மேடு. முதல் கியர். பாதி ஏறினோம். சீட்டுக்கு அடியில் சத்தம் வந்தது. களக் களக்.

காலையில் கேட்ட அதே சத்தம்.

எஞ்சின் நின்றது. பின்னால் பாடை சரிந்து கதவில் ஒரு தட்டு. டொக்.

லாரித் தொழிலில் பின்னாலிருந்து ஒரு தட்டு தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் போ. லோடு மேல் உட்கார்ந்து வரும்போது முதலாளி அப்படித்தான் தட்டுவார்.

கோவிந்தராசு முகம் வெளுத்துப்போனது. "தம்பி, அத்தான் நிறுத்தச் சொல்றாருப்பா."

"பாடை சரிஞ்சிருக்குங்க. வேற ஒண்ணுமில்ல."

பின்னால் உருட்டிச் சமதரைக்கு இறக்கினேன். ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. மறுபடி மேடு. அதே இடம். களக் களக். நின்றது. டொக்.

மூன்றாம் தடவையும் அதே இடம். நான் இறங்கிக் குச்சி விட்டேன். டேங்கில் பெட்ரோல் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"நாலு பேர் இருக்கோம். தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார் கோவிந்தராசு.

"கையடிச்சுக் குடுத்திருக்கேன் மாமா. அவரு கடைசியாக் கேட்டது இது ஒண்ணுதான்." தண்டபாணி மேற்கே பார்த்தான். "பொழுது சாயறதுக்குள்ள நெருப்பு வைக்கணும். அப்பாவுக்கு யார் மேலயோ மனத்தாங்கல். அதான் போகமாட்டேங்கறாரு. யாராச்சும் ஏதாச்சும் பண்ணியிருந்தா சொல்லிடுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பின்கதவுக்குப் போனேன். குலுங்கியதில் முகத்துத் துணி விலகியிருந்தது. நெற்றியில் ஒட்டிய காசு நழுவி வலது கண்மேல் உட்கார்ந்திருந்தது. மாலை வெயிலில் மின்னியது. என்னையே பார்த்தது.

"முதலாளி, டியூப் போட்டு பெட்ரோல் உறிஞ்சினது நான்தான். மச்சினன் மோட்டார் சைக்கிளுக்கு."

காசு கண்ணை எடுக்கவில்லை.

"கரூர் ரோட்டுல டயர் வெடிச்சது ஆணி குத்தி இல்ல. பஸ்ஸோட ரேஸ் விட்டேன்."

"அண்ணே, போதும்ணே" என்றான் தண்டபாணி. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"கோயில் வாசல்ல உங்க செருப்பு தொலைஞ்சு போகல."

எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். கழற்றி ஓரமாக வைத்தேன். (மணல் சுட்டது. நின்றேன்.)

"பொண்ணு பார்க்கப் போனப்ப இந்த லாரி என்னுதுன்னு சொன்னேன். அதை நம்பித்தான் பொண்ணு குடுத்தாங்க."

கோவிந்தராசு விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டில் அவரும் கூட்டு. அவை வந்தபோது பலமாக இருமினார். மொத்தம் ஏழு சொன்னேன். அழுதேன் என்று சொல்கிறார்கள். வியர்வை.

மாணிக்கம் தொண்டையைச் செருமினான்.

"டிரைவரண்ணே, ஒண்ணு சொல்லலாங்களா? யுத்தத்தப்ப பர்மா பக்கம் இதே மாதிரி வண்டியில இருந்தேன். டேங்க்ல இருக்கறது பூரா எஞ்சினுக்கு வராதுங்க. உறிஞ்சுற குழாய் முன்பக்கம் இருக்கு. அடி வரைக்கும் எட்டாது. மேடு ஏறினா பெட்ரோல் பின்னாடி போயிடும். குழாய் காத்தைக் குடிக்கும். அந்தக் களக் களக் அதுதான். திருப்பிப் போட்டு ரிவர்ஸ்ல ஏத்துங்க, ஏறிடும்."

"ஏன்டா முதல்லயே சொல்லல?"

"நீங்க முதலாளிகிட்டப் பேசிட்டு இருந்தீங்க. நடுவுல பேசினா மரியாதை இல்லைங்களே."

"அதுக்கு முன்னாடி?"

"சங்கு வாயில இருந்துச்சு."

திருப்பினேன். வெறுங்காலோடு கிளட்சை மிதித்தேன். மிலிட்டரி பின்புறமாக மேடு ஏறியது. எஞ்சின் ஒரு தடவை கூடத் திணறவில்லை. நின்ற இடம் வந்தபோது பாடை இந்தப் பக்கம் சரிந்தது. என் தலைக்குப் பின்னால், பலகையில், டொக். டொக்.

இரண்டு.

"போகச் சொல்றாரு" என்றார் கோவிந்தராசு, மெதுவாக.

போனேன். ரிவர்ஸில் போகிறவன் திரும்பிப் பார்க்காமல் முடியாது. பார்த்தேன். கண்மேல் இருந்த காசைக் காணோம். லாரி முழுக்கத் தேடினோம். கிடைக்கவே இல்லை.

மேலே காத்திருந்தவர்கள் லாரி பின்புறமாக வருவதைப் பார்த்தார்கள். பாதிப் பேர் ஓடினார்கள். பொழுது சாயும் முன் தண்டபாணி நெருப்பு வைத்தான்.

மறுநாள் டேங்கை நிரப்பினான். வேலையிலிருந்து என்னை எடுக்கவில்லை. டியூபை மட்டும் வாங்கிக்கொண்டான். ஆனால் எரித்த அன்றே, நான் வீடு போவதற்கு முன்னாலேயே கோவிந்தராசு என் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார், தன் கூட்டு இரண்டையும் விட்டுவிட்டு மீதி ஐந்தைச் சொல்ல. அன்றிலிருந்து ஒரு மாதம் என் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு, "சாப்பிட வாங்க முதலாளி" என்றுதான் கூப்பிட்டாள்.

இப்போது என் பெண்கள் வளர்ந்துவிட்டார்கள். நான் எதையாவது மறைத்தால், "அப்பாவை மேட்டுல ஏத்துங்க, தானா வெளிய வரும்" என்பார்கள். மாப்பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். எல்லோரும் சிரித்து முடித்ததும் மனைவி கேட்பாள்.

"அன்னிக்கு ஏழுதானா?"

"ஏழுதான்" என்பேன்.

ஒன்பது.