அப்பாவின் தலையில் இரண்டு கட்டிகள்

தெரிந்த வித்தையைச் சொந்த ஊரில் காட்டாமல் திரும்புவதற்குத் தனி அடக்கம் வேண்டும். எனக்கு அது இன்றுவரை வாய்க்கவில்லை.

சென்னையில் என் வேலை, மூளை ஸ்கேனில் கட்டி இருக்கும் இடத்தை மட்டும் பிரித்துச் சிவப்பு அடிக்கக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பது. படங்களைக் காட்டிக் காட்டிப் பழக்க வேண்டும். (ஆபீசில் டீப் லேர்னிங் என்பார்கள். வீட்டில் "பாப்பா மூளை பாக்குது" என்பார்கள்.)

அப்பா கூடலூரில் ஜீப் ஓட்டுகிறார். விடியலில் கூலி வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குப் போவார். நான் லீவில் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் அந்தப் பெண்களை அப்படியே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார், மகளின் மிஷினைப் பார்க்க. எப்போதோ தலைவலிக்கு எடுத்து, ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்ட அப்பாவின் ஸ்கேன் சிடி பீரோவில் இருந்தது. அதையே போட்டு, லேப்டாப்பை டிவியோடு இணைத்தேன். அப்பா தலையில் ஒன்றும் இருக்காது என்று முன்னுரை வேறு.

டிவியில் இரண்டு சிவப்பு உருண்டைகள் தெரிந்தன.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவை கண்கள். நாங்கள் கம்ப்யூட்டருக்குக் காட்டும் படங்களில் மண்டையோட்டையும் கண்ணையும் முன்பே நீக்கிவிட்டு, மூளையை மட்டும் வைப்போம். அது ஜென்மத்தில் கண்ணைப் பார்த்ததே இல்லை. பந்தா காட்டும் அவசரத்தில் நான் அந்த நீக்கும் வேலையை மறந்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அன்னமேரி அத்தை ஜெபமாலையை எடுத்துவிட்டார். (ஜீப் பெண்களுக்கு அவர்தான் தலைவி.)

மிஷின் தப்பாகக் காட்டுகிறது என்று நான் கத்தாத குறையாகச் சொன்னேன். அதை முதலில் மறுத்தவர் அப்பாதான்.

"பாப்பா செஞ்ச மிசினு தப்பாச் சொல்லாது. கட்டி இருந்தா இருந்துட்டுப் போகுது."

மகளின் மானத்தைக் காக்கக் கட்டியை வாங்கிக்கொண்ட தகப்பனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மறுநாள் அவர் ஜீப்பில் ஒருவரும் ஏறவில்லை. தலையில் கட்டியோடு கொண்டை ஊசி வளைவில் ஓட்டுபவரை யார் நம்புவார்கள்? எல்லாரும் அடுத்த ஜீப்பில் நெருக்கியடித்துப் போனார்கள். காலி வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. என் பந்தாவால் அவர் பிழைப்பே போய்விடும் போலிருந்தது.

அடுத்த நாள் லேப்டாப்போடு ஜீப் ஸ்டாண்டுக்கே போனேன். கண்ணை நீக்கிவிட்டு அதே ஸ்கேனை ஓட்டிக் காட்டினேன். சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை. அன்று தெரிந்தவை கண்கள், மிஷின் கண்ணையே பார்த்ததில்லை, மடத்தனம் முழுக்க என்னுடையது என்று அத்தனை பேர் நடுவில் சொன்னேன். அன்னமேரி அத்தை திரையையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மற்றவர்களும் பின்னால் ஏறினார்கள்.

அப்பா உடனே வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டாண்டில் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"கண்ணையே பாத்திராத மிசினு, ரெண்டு கண்ணும் எங்கன இருக்குன்னு பிசகாமக் காட்டிருச்சுல்ல?"

எங்கள் கம்பெனியில் எவரும் என் வேலையை அப்படிப் பாராட்டியதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போதும் மலை ஏறும்போது அப்பா கொட்டாவி விட்டால் போதும், அன்னமேரி அத்தை ஆரம்பித்துவிடுவார்:

"அண்ணே, அந்தக் கட்டி ரெண்டையும் நல்லாத் தொறந்து வச்சு ஓட்டுங்க."