குலைநோய் நைனா

ஆவடி முதல் வேப்பம்பட்டு வரையுள்ள வயல்களில், பயிர் பச்சையாக நிற்பதைக் கண்டு கண்கலங்கிய மனிதர் ஒருவர்தான். பெற்றோர் இட்ட பெயர் எங்கள் பதிவேட்டில் இருந்தது. அதை எவரும் பயன்படுத்தியதில்லை. குலைநோய் நைனா என்றால்தான் ரயில் நிலையப் போர்ட்டருக்குக்கூடத் தெரியும்.

வெள்ளைக்காரர் ஆண்ட நாளில், வேப்பம்பட்டுக்கு அருகே நெல் ஆராய்ச்சிக்கென ஒரு வயல் இருந்தது. நைனா அங்கே வயற்காரர். கதிரைக் கழுத்தில் கருக்கிச் சாய்க்கும் குலைநோயைத் தாங்கக்கூடிய ரகத்தை உருவாக்குவதே அங்கு நடந்த வேலை. நோய் தாங்கும் முரட்டு நெல்லையும், நோய்க்கு உடனே மடியும் உயர்ந்த நெல்லையும் ஒட்டுச் சேர்த்து, அவற்றின் பேரப்பிள்ளைகளை நோய்க்கு நடுவே நிறுத்த வேண்டும். நான்கில் மூன்று தாங்கினால், அந்தக் குணம் கணக்காக வம்சத்தில் இறங்குகிறது என்று பொருள். ஆகவே நைனாவின் உத்தியோகம் நோயை வளர்ப்பது.

நோய் கண்ட வைக்கோலை ஈரச் சாக்கில் கட்டிக்கொண்டு அவர் ரயிலேறினால் பெட்டியே அவருக்குச் சொந்தமாகிவிடும். தங்கள் வரப்பில் கால்வைக்குமுன் அவர் துண்டை உதறியாக வேண்டும் என்று விவசாயிகள் விதி செய்திருந்தனர். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும் பணிவுடன் அவரும் உதறுவார்.

பட்டம் பெற்ற சூட்டோடு நான் அங்கே உதவியாளனாகச் சேர்ந்தேன். இரண்டாம் நாள் நைனா விடுப்பில் இருந்தார். வரப்பெங்கும் கறுத்த வைக்கோல் சிதறிக் கிடந்தது. என் படிப்பு அதைப் பொறுக்கவில்லை. வாரிக் கொளுத்தச் சொன்னேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தைப் பாத்தி முழுவதும் தெளிக்கச் செய்தேன். சோதனையின் நோக்கத்தை விளக்கும் கோப்பை மூன்றாம் நாள்தான் படித்தேன்.

திரும்பி வந்த நைனா, இலைகளில் படிந்திருந்த நீலத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா சார் பண்ணீங்க?"

"பயிரைக் காப்பாற்றலாம் என்று…"

"அத்த காப்பாத்தத்தான் நாலு வருசமா சீக்காக்கிகினு கீறேன்."

அன்றிலிருந்து இருபதாம் நாள், வயலுக்கு மேலதிகாரியான துரை வருவதாக இருந்தது. தம் நாட்டில் வாற்கோதுமையில் இதே சோதனையைச் செய்தவர். இப்பருவத்தில் பலன் தெரியாவிட்டால் வயலை மூடுவதாக எழுதியிருந்தார். மருந்து பட்ட பாத்தியிலோ தாங்கும் பயிரும் மடியும் பயிரும் ஒரே பச்சை. நான்கு ஆண்டு ஒட்டும், நைனாவின் பிழைப்பும், என் உத்தியோகமும் அந்தப் பச்சையில் சிக்கியிருந்தன.

நைனா என்னை ஏசவில்லை. ஒரு குடத்தை என்னிடம் நீட்டினார். இரண்டு நாள் சேற்றில் மண்டியிட்டு, இலை இலையாகக் கழுவினோம்.

"அயுத்தி தேய்க்காதீங்க சார். கொயந்தை மூஞ்சி மாதிரி."

பிறகு நோய் தேடி அலைந்தோம். அவ்வாண்டு ஊரெல்லாம் பயிர் செழித்திருந்தது. அந்தச் செழிப்பைக் கண்டு கவலைப்பட்டவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. இருந்தாலும் எந்த விவசாயி தன் வயலில் நோய் என்று ஒப்புக்கொள்வான்? நோய் உண்டா என்று கேட்டதுமே வேப்பம்பட்டுப் பெரியவர் ஒருவர் எங்களை வரப்பிலேயே நிறுத்தினார்.

"வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு? கண்ணு வெக்காம போ."

நைனா துண்டை இருமுறை உதறினார். "அண்ணாத்தே, ஒரு மூலைலயாவது கீதா பாரு. நாலு தாள் போதும்."

பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "மேற்கால கொஞ்சம் கீது. யாருக்கும் சொல்லாதே."

"நான் யாருக்குச் சொல்லப் போறேன்? பயிருக்குத்தான்."

இந்த நோய் பனி ஈரத்தில்தான் பற்றும் என்பதால், அந்தத் தாள்களைப் பாத்தியில் பரப்பி, ஈரப் பாய் போர்த்தி, விடியலில் நீக்கிப் பார்த்தோம். ஆறு நாள் ஒன்றுமில்லை. நைனா சாப்பாட்டைக் குறைத்தார். நான் ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஏழாம் நாள் விடியலில், மடியும் ரகத்தின் இலையொன்றில் சாம்பல் நடுவுடன் கண் வடிவப் புள்ளி ஒன்று தெரிந்தது. "வந்துட்டியா ராசா," என்றார் நைனா.

துரை வந்த அன்று உயர்ந்த நெல் கருகிக் கிடந்தது. பேரப்பிள்ளைகளை அவர் தாமே எண்ணினார். ஏறக்குறைய நான்கில் மூன்று நின்றன. நிமிர்ந்தவர், நோய் ஏன் இவ்வளவு பிந்தியது என்று கேட்டார். நான் தமிழில் நைனாவிடம் கேட்டேன். சட்டைப்பையில் கடிதம் இருந்தது.

நைனா என்னைப் பார்க்கவில்லை. "பனி லேட்டு சார்."

அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். வயல் நிலைத்தது.

சென்ற மாதம் முத்தாபுதுப்பேட்டையில் நைனா காலமானார். செய்தி எனக்கு மறுநாள்தான் கிடைத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாமதத்துக்கு வருந்துவதாக அவர் மகளிடம் சொன்னேன்.

"இருக்கட்டும் சார். பனி லேட்டாயிருக்கும்," என்றாள் அவள்.

நான் மருந்து தெளித்த கதையை அவர் வீட்டில் மட்டும் சொல்லியிருக்கிறார். வாசலுக்கு வந்து, என் துண்டை எடுத்து ஒருமுறை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.