செத்த குதிரை உதைத்த கார்

பெங்களூருக்கு மோட்டார் வந்ததும் குதிரைகள் போய்விட்டன என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அது உங்கள் அறியாமை. குதிரைகள் போகவில்லை. செத்தன, அவ்வளவுதான். செத்த பிறகும் லாயத்தை விடாமல் நின்று, உள்ளே வரும் கார்களை உதைத்துக்கொண்டிருந்தன. இந்த உண்மையை 1936ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தவர் ஸ்ரீ அசுவானந்த சுவாமிகள்.

அறிவிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருந்தது. பூர்வாசிரமத்தில் அவர் பெயர் முனிவெங்கட்டன். பிரேசர் டவுனில் பங்களா பங்களாவாகப் போய்க் குதிரைகளுக்குக் கொள்ளு அளந்தவர். கனவான்கள் சாரட்டை விற்றுக் கார் வாங்கினார்கள். கார் பெட்ரோல் குடித்தது, கொள்ளைத் தொடவில்லை. கொள்ளு மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடந்த ஒருநாள் முனிவெங்கட்டனுக்கு ஞானம் பிறந்தது. பலருக்கும் சரக்கு தேங்கும்போதுதான் அது பிறக்கிறது.

கனவான்களின் கஷ்டமும் பொய்யல்ல. கார் வாங்கினார்களே தவிர அதற்குக் கொட்டகை கட்டவில்லை. சாரட்டு நின்ற லாயத்திலேயே காரைச் செருகினார்கள். பக்கத்துக்கு ஒரு சாண் இடம். உள்ளே பகலிலும் இருட்டு. காலையில் கார் வெளியே வந்தால் மட்கார்டில் நீளமாக ஒரு கீறல்.

“குதிரை உதைக்குது,” என்றார் சுவாமிகள். கூட்டம் கூடிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் மடத்து வாசலில் கார் நிறுத்த இடமில்லை. வக்கீல் வந்தார், டாக்டர் வந்தார். விஞ்ஞான புரொபசர் ஞானசேகரன் முன்னதாகவே வந்து முன்வரிசையில் இடம் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துபவர் அவர். வெள்ளிக்கிழமை சும்மாதானே இருக்கிறது?

பரிகாரம் சுலபமானது. சிவப்புப் பட்டில் மந்திரித்த கொள்ளு முடிச்சு ஒன்றை வாங்கி லாயத்து நிலையில் கட்ட வேண்டும். காரை உள்ளே விடும்போது எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். அந்தச் சத்தம் குதிரைக்கு ஆகாது. இரண்டு பேர் இரண்டு பக்கமும் நெய்விளக்கு பிடிக்க, மற்றவர்கள் மெல்லத் தள்ள வேண்டும். முக்கியமாக, குதிரையைக் கட்டப் பயன்பட்ட எந்தச் சாமானையும் லாயத்தைவிட்டு எடுக்கக் கூடாது. எடுத்தவன் ரத்தம் கக்குவான்.

என்ன ஆச்சரியம்! கீறல் நின்றுவிட்டது. கொள்ளின் மகிமை ஊரெல்லாம் பரவியது. விளக்கின் மகிமையைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

சில நாளில் நெய்ச் செலவு கட்டுப்படியாகவில்லை. தள்ளுவதற்கு ஆளும் அகப்படவில்லை. இருட்டில் எஞ்சினோடு போனார்கள். கீறல் திரும்பி வந்தது. “முடிச்சுல சக்தி தீர்ந்துபோச்சு,” என்று சுவாமிகள் புது முடிச்சு கொடுத்தார். பழைய முடிச்சில் கொள்ளும் குறைந்துதான் இருந்தது. எலி தின்றிருந்தது. குதிரை தின்றது என்று கும்பிட்டார்கள்.

மைசூர் சர்க்காரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று, பிரேசர் டவுனில் குடியிருந்த சுந்தரராமனின் ஆஸ்டின் காருக்கு மட்டும் மூன்றாவது முடிச்சும் பலிக்கவில்லை. சுவாமிகள் கண்ணை மூடினார். “குதிரைக்கு உங்க டிரைவர் மேலதான் கோபம். அவனை அனுப்பிடுங்க. வேற ஆள் நான் தர்றேன்.”

டிரைவர் ஓஸ்வால்ட் அந்த பங்களாவின் பின்கட்டில்தான் குடியிருந்தான். செய்தி தெரிந்ததும் எஜமானி அனந்தலக்ஷ்மியிடம் ஓடி வந்தான்.

“நான் என்னாம்மா தப்பு செஞ்சேன்? வேலை போனா வூடும் போச்சு. கைக்கொயந்தையை வெச்சிக்கினு எங்கம்மா போவேன்?”

அனந்தலக்ஷ்மி நேரே கணவரிடம் போனாள்.

“ஏன்னா, இத்தனை வருஷமா நம்மாத்துல இருக்கான். செத்த குதிரை சொல்றதுன்னு அவனை விரட்டறேளா?”

“நீ சும்மா இரு. சயன்ஸ் புரொபசரே நம்பறார்.”

“நம்பட்டும். நம்ம லாயத்துல வலது பக்கம் விளக்குப் பிடிச்சது அவர் இல்லே, நான். வெள்ளிக்கிழமை சாமியை இங்கே வரச்சொல்லுங்கோ. அதுவரைக்கும் ஓஸ்வால்டைப் போகச் சொல்லாதேங்கோ.”

வெள்ளிக்கிழமை சுவாமிகள் தம்முடைய புத்தம்புது நீலக் காரில் வந்து இறங்கினார். பக்தகோடிகளும் பின்னாலேயே வந்தார்கள். அனந்தலக்ஷ்மி லாயத்து நிலையிலிருந்த முடிச்சை அவிழ்த்து, பக்கத்து வீட்டுப் பசுவின் முன் கொட்டினாள். செத்த குதிரைக்கு வைத்ததை உயிருள்ள பசு தின்றது. இரண்டு பக்கமும் விளக்குப் பிடித்து, ஆஸ்டினைத் தள்ளச் சொன்னாள். ஓஸ்வால்ட் ஸ்டியரிங்கைப் பிடிக்க, கார் உள்ளே போய் வெளியே வந்தது. புரொபசர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மட்கார்டைத் தடவினார். புதிதாக ஒரு கீறல்கூட இல்லை.

“முடிச்சு இல்லே, விளக்கு இருந்தது. இப்போ விளக்கு வேண்டாம், முடிச்சு இருக்கட்டும்,” என்று அவள் சுவாமிகள் விற்கக் கொண்டுவந்த கூடையிலிருந்தே ஒரு முடிச்சை எடுத்துக் கட்டினாள். “சாமி, உங்க காரை உள்ளே விடச்சொல்லுங்கோ. உங்க டிரைவரே ஓட்டட்டும்.”

“என் கார் எதுக்கும்மா? அது மடத்துக் கார்.”

“முடிச்சும் மடத்து முடிச்சுதானே?”

“குதிரைக்கு இன்னிக்கு மனசு சரியில்லே. ஸ்வல்ப நாள் போவட்டும்.”

“விடுங்க சாமி!” என்றார் வக்கீல். “இந்த அம்மாளுக்குப் புத்தி வரட்டும்!” என்றார் புரொபசர். சந்தேகப்பட்டவள் ஒருத்தி, அவளைச் சமாளித்திருக்கலாம். நம்பியவர்கள் ஒரு கூட்டம். அவர்களிடமிருந்து தப்ப வழியில்லை.

நீலக் கார் இருட்டுக்குள் நுழைந்தது. சுவாமிகள் கண்ணை மூடி மந்திரம் சொன்னார். கார் பாதி போனது. ஒரு கண் திறந்தது. இன்னொன்றும் திறந்தது.

“டேய்! வலது பக்கம் பாருடா! சுவத்துல இரும்பு வளையம் நீட்டிக்கினு இருக்குடா! இடது பக்கம் ஒடி, ஒடிடா பாவி!”

கிர்ர்ர்ர்.

அனந்தலக்ஷ்மி விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குதிரை கட்டும் வளையம் மட்கார்டு உயரத்தில் துருத்திக்கொண்டிருந்தது. அதில் ஆஸ்டினின் கறுப்புப் பெயின்ட். அதன்மேல் புதிதாக நீலம்.

“எல்லாரும் வந்து குதிரையைப் பாருங்கோ,” என்றாள். “ஏன் சாமி, வெளியில நின்னுண்டே இருட்டுக்குள்ளே இருக்கற வளையம் தெரிஞ்சதே, எப்படி? இந்த லாயத்துக்குக் கொள்ளு போட்ட காலத்துல பார்த்ததா? அதை எடுத்தா ரத்தம் கக்குவான்னு சொன்னதும் இதுக்குத்தானா?”

சுவாமிகள் தம் காரின் கீறலைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் நிஜமான கண்ணீர் வந்ததைக் கூட்டம் அன்றைக்குத்தான் பார்த்தது. பிறகு கூட்டம் தன் காசைத் திருப்பிக் கேட்கத் தொடங்கியது. சுவாமிகள் காரைக்கூட விட்டுவிட்டு நடந்தே போனார், கொஞ்சம் வேகமாக.

ஓஸ்வால்ட் இரும்பறுக்கும் ரம்பத்தால் வளையத்தை அறுத்துப் போட்டான். ரத்தம் கக்கவில்லை, காபி கேட்டான். சுந்தரராமன் ஆகாயத்தைப் பார்த்தபடி, “நீயே இருப்பா,” என்றார்.

மறுநாள் காலையில் புரொபசர் ஞானசேகரன் வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

“அம்மா, அந்த அறுத்த வளையம் இருந்தா கொடுங்களேன். அதை லாயத்துல மாட்டினா கீறல் வராதுன்னு பேசிக்கிறாங்க.”

அனந்தலக்ஷ்மி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்க லாயத்துச் சுவத்துலயே ஒண்ணு இருக்கும், விளக்கை எடுத்துண்டு போய்ப் பாருங்கோ. விளக்கு கையில இருக்கறச்சே தலைக்குள்ளேயும் ஒரு தரம் பார்த்துடுங்கோ. அங்கே ரொம்ப நாளா யாரும் போய்வந்த மாதிரி தெரியலே.”